டீச்சர் காரும் ஒட்சிசன் சென்சரும்

1. கயிறு கட்டி வந்த கார்

எண்பதுகளின் கடைசியில், ஒரு ஆகஸ்ட் லீவில், லூர்து டீச்சருடைய கார் தேயிலைக் கொழுந்து லொறிக்குப் பின்னால் கயிறு கட்டி எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்தது. ராகலை பஸாரில் இருந்த அந்தக் கராஜில் நான்தான் பெரிய மெக்கானிக். முதலாளி பியசேன. எல்லோருக்கும் அவர் பாஸ். லொறிக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"சூசை, மேட்டுல ஏறுறப்ப இருமுது. அப்புறம் கறுப்பா பொகைய விட்டுட்டு நின்னுருது. பெட்ரோல் வேற தண்ணியா குடிக்குது."

"பாத்துரலாம் டீச்சர். ரெண்டு நாள் குடுங்க."

ரெண்டு நாள் என்று நான் சொன்னது வெறும் திமிர். அப்போது எனக்குக் கையில் பதினைந்து வருட அனுபவம் இருந்தது. தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன இங்கிலீஷ் கார்கள் அத்தனையும் என் கைபட்டவை. காபரேட்டர் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுவேன். இந்தக் காரில் காபரேட்டரே கிடையாது என்பதுதான் சங்கடம்.

அது ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார். கப்பலில் வேலை செய்த டீச்சருடைய தம்பி அக்காவுக்கென்று அனுப்பியது. எங்கள் பக்கத்தில் இன்ஜக்டர் வைத்த கார் அது ஒன்றுதான். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை, சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டி முடிவு செய்தது. அதை நாங்கள் மூளை என்று சொல்வோம்.

அந்தக் கார் எங்களிடம் வருவது அது முதல் தடவையும் இல்லை. ஏழெட்டு மாதத்துக்கு முன், கார் வந்த புதிதில், பெட்ரோல் ஷெட்டில் பம்புக் குழாய் டாங்கி வாய்க்குள் நுழையவில்லை என்று டீச்சர் வந்திருந்தார். வாய்க்குள்ளே ஒரு தகர வளையம் வைத்து ஒடுக்கியிருந்தார்கள். நான் அந்த வளையத்தைக் கால் மணி நேரத்தில் வெட்டி எடுத்து, ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். டீச்சர் என்னை வாயாரப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சி ஒரு வாரம் என் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

டீச்சர் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

"டிசம்பர்ல என் புள்ளைங்க நாலு பேரு ஓ லெவல் பரீட்ச எழுதுறாங்க. எங்க தோட்டத்து ஸ்கூல்ல இருந்து இதுதான் மொதோ தடவ. சென்டர் நுவரெலியாவுல. காலம்பற நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் இல்ல. நானே கார்ல கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாரேன்னு சொல்லித்தான் தாய் தகப்பன் எல்லாம் சரின்னாங்க."

"கார் இல்லன்னா?"

"நாலு பேருல பரமேஸ்வரியோட அப்பா இப்பவே பேர் பதியணும்னு நிக்கிறாரு. கார் நின்னா அவ நேரா மலைக்குத்தான்."

பேர் பதிவது என்றால் தோட்டத்து வேலைக்கு ஆளாகச் சேர்ந்துவிடுவது. அதற்குப் பிறகு கொழுந்துக் கூடைதான், புத்தகம் இல்லை.

2. அடுப்புக்காரர் வேலை

பிளக் நாலும் கரி பிடித்து வந்தன. துடைத்து மாட்டினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். இன்ஜக்டரைக் கழற்றிக் கழுவினேன். புகை போகவில்லை. ரெண்டு நாள் ஏழு நாளாயிற்று. பாஸ் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"அனே சூசை, இது என்னா வாகனம்? எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு ஒரு காபரேட்டர் போடு. வேல முடிஞ்சிது."

எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. வெட்கமாக இருந்ததால்தான் செய்யவில்லை.

டீச்சர் ஒரு நாள் தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். காரோடு வந்த சர்வீஸ் புத்தகம், முழுக்க ஜப்பான் எழுத்து. "எழுத்து தெரியாட்டி என்னா, படம் இருக்குல்ல?" என்று பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிப்பவர். அரை மணி நேரத்தில் ஒரு படத்தில் விரலை வைத்தார். புகை வெளியே போகிற மெனிபோல்டில், பிளக் மாதிரி ஒரு சாமான் குத்தி நின்றது. அதிலிருந்து ஒரே ஒரு வயர் மூளைக்குப் போயிற்று. பக்கத்தில் O2 என்று எழுதியிருந்தது.

"இது ஒட்சிசன், சூசை. பொகையில எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் இருக்குன்னு பாத்து மூளைக்குச் சொல்லுது போல. மிச்சம் கூட இருந்தா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். கொறைஞ்சா பெட்ரோல் கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

எனக்கு உடனே விளங்கியது. என் அப்பா தேயிலை பெக்டரியில் தூள் காயவைக்கிற ட்ரையருக்கு அடுப்புக்காரர். வெளியே வந்து புகைக்கூண்டை ஒரு பார்வை பார்ப்பார். புகை கறுத்திருந்தால் உள்ளே போய்க் காற்றுக் கதவைத் திறப்பார். வெளுத்திருந்தால் மூடுவார். அப்பா செய்த வேலையை இந்தக் காரில் சுண்டுவிரல் அளவு சாமான் செய்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தச் சென்சர் மேல் ஒரு சொந்தமே வந்துவிட்டது.

ரேடியோ கடையில் மீட்டர் இரவல் வாங்கி, வயரின் பிளக்கை இழுத்து, முள்ளைப் பார்த்தேன். இன்ஜின் சூடானபிறகு முள் மேலும் கீழும் ஆட வேண்டும். அது அடியிலேயே கிடந்தது. அடுப்புக்காரர் தூங்கிவிட்டார். பெட்ரோல் பத்தவில்லை, பத்தவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார், மூளையும் அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறது. கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான். மீட்டர் வைப்பதற்காக வயரைப் பிரித்திருந்த நேரத்தில் புகை கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

3. வாசல் வைத்த ஸ்பெனர்

தம்பி வழியாகப் புதுச் சென்சர் ஒன்று செப்டம்பர் கடைசியில் வந்தது. ஒன்றே ஒன்று. அதுவரை கார் கராஜில் ஒரு மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. சூட்டில் கிடந்து துருவேறி மெனிபோல்டோடு ஒட்டிப்போயிருந்தது. திருகுப் புரி உடைந்தால் மெனிபோல்டே போய்விடும், வேறு ஒன்று இலங்கையில் கிடைக்காது. ஓபன் ஸ்பெனர் வழுக்கியது. ரிங் ஸ்பெனர் போட வயரும் அதன் நுனிப் பிளக்கும் இடைஞ்சல். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று வயரை வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் ஒரு நல்ல ரிங் ஸ்பெனரை எடுத்து, அதன் வட்டத்தில் வயர் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் வெட்டினேன். பாஸ் தன் ஸ்பெனர் போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்ஜினைச் சூடாக்கி, புரியில் எண்ணெய் விட்டு, கொஞ்சம் ஆற விட்டு, அவிழ்க்கிற பக்கம் கொஞ்சம், இறுக்குகிற பக்கம் கொஞ்சம் என்று கெஞ்சினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிறீச்சென்று ஒரு சத்தம். ஒன்றில் உடைந்தது, இல்லை அவிழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தேன். அவிழ்ந்திருந்தது.

கையில் எடுத்துப் பார்த்தேன். அத்தனை கறுப்புப் புகைக்குள் இருந்த சாமான் கரியாக இருக்க வேண்டும். மேல்கரியைத் துடைத்தால் உள்ளே பளபளப்பான சாம்பல் நிறமாக இருந்தது. இது ஏன் இப்படி என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு புதுச் சாமான்தான் வந்துவிட்டதே என்று பழையதைச் சாமான் டப்பாவில் போட்டேன். எங்கள் கராஜில் எதையும் வீசமாட்டோம், எதையும் திரும்பிப் பார்க்கவும் மாட்டோம்.

புதியதன் புரியில் மட்டும் கொஞ்சம் கிராபைட் கிரீஸ் தடவி, நுனியில் கை படாமல் மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் பூனை மாதிரி முனகியது. டீச்சர் கந்தப்பளை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, காரை விட்டு இறங்காமலே அழுதார்.

4. சனிக்கிழமை

டிசம்பரில் பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால், அதற்கு முந்திய சனிக்கிழமை காலை அதே கார் அதே கறுப்புப் புகையோடு கராஜுக்குள் வந்தது. டீச்சர் இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தம்பி எந்தக் கடலில் இருந்தாரோ தெரியாது. ராகலையில் மட்டுமில்லை, கொழும்பிலேயே அந்தச் சாமான் கிடையாது. நான் வாசல் வைத்த ஸ்பெனரை எடுத்துக் கழற்றினேன். மூன்று மாதம்கூட ஆகாத சென்சர். நுனியில் அதே பளபளப்பான சாம்பல் நிறம்.

டப்பாவைக் கவிழ்த்துப் பழையதைத் தேடினேன். அதோடு சேர்ந்து, டாங்கி வாயிலிருந்து நான் வெட்டிய வளையமும் உருண்டு விழுந்தது. டீச்சர் அதைக் குனிந்து எடுத்தார். அதில் இங்கிலீஷ் எழுத்து பொறித்திருந்தது. வெட்டும்போது நானும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன்தான். கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன்.

"சூசை, இதுல ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்னு போட்டிருக்கு."

"நம்ம ஷெட்டுல விக்கிறது?"

"ஈயம் கலந்தது. நாட்டுல வேற பெட்ரோலே இல்ல. அந்த ஈயம்தான் போய்ப் படிஞ்சு மூடியிருக்கு. நெறத்தப் பாருங்க, ஈயம்தானே?"

வாயை ஒடுக்கி வைத்தது, ஈயப் பெட்ரோல் குழாய் உள்ளே நுழையக்கூடாது என்பதற்காக. அந்தக் காரைச் செய்தவன் ஒரு காவல்காரனை நிறுத்தி வைத்திருந்தான். நான் அந்தக் காவல்காரன் கழுத்தை வெட்டிவிட்டு, புகழ்ச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

"நான்தானே டீச்சர் வெட்டுனேன்" என்றேன்.

"வெட்டாட்டியும் புனல் வச்சு அதே பெட்ரோலத்தானே ஊத்தியிருப்பேன்? அத விடுங்க. திங்கக்கிழமைக்கு என்னா செய்யலாம்னு சொல்லுங்க."

அப்போதுதான் ஆகஸ்டில் மீட்டர் வைத்தது நினைவுக்கு வந்தது. வயரைப் பிரித்தபோது புகை குறைந்தது. தூங்குகிற அடுப்புக்காரர் சொல்வதைக் கேட்பதைவிட, அவர் இல்லவே இல்லை என்று தெரிந்தால் மூளை தன் சொந்தக் கணக்கில் ஓட்டும் போலிருக்கிறது. செத்த சென்சரை ஓட்டையை அடைக்க மட்டும் திரும்ப மாட்டி, வயரைப் பிரித்து, நுனியில் டேப் சுற்றி, மெனிபோல்ட் சூடு படாமல் ஒரு ஓரமாகக் கட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். கால் மணி நேரத்தில் புகை தெளிந்தது. பழைய முனகல் இல்லை, கொஞ்சம் முரட்டுத்தனம். ஆனால் நிற்கவில்லை.

"மேட்டுல ஏறுமா?"

"ஏறும் டீச்சர். நானும் வாரேன்."

5. முன் சீட்

பரீட்சை நடந்த நாளெல்லாம் நான் மடியில் சாமான் பெட்டியோடு முன் சீட்டில் போனேன். பின் சீட்டில் நாலு பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு சூத்திரங்களை முணுமுணுத்தார்கள். பனியில் ரோட்டே தெரியாது. ஒவ்வொரு மேட்டுக்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். லயத்து வீடுகளுக்கு முன்னால் பரமேஸ்வரியின் அப்பா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் நின்று, கார் அவரைத் தாண்டிப் போகிறதா என்று தினமும் பார்ப்பார். ஒரு நாளும் கார் நிற்கவில்லை.

ஒரு காலை பரமேஸ்வரி பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணே, நீங்க எதுக்கு வாரீங்க? கார்தான் நல்லா ஓடுதே?"

"எனக்கும் பரீட்சைதான் புள்ள" என்றேன்.

கதையை இனிப்பாக முடிக்க எனக்கும் ஆசைதான். நாலு பேரில் இரண்டு பேர்தான் தேறினார்கள். பரமேஸ்வரிக்குக் கணக்கு போய்விட்டது. அவள் அப்பா பேர் பதிந்துவிட்டார். அதைக் கேட்ட அன்று நான் டீச்சர் வீட்டுப் பக்கமே போகவில்லை, போனால் இரண்டு பேரும் அழுவோம் என்று தெரியும்.

6. வளையம்

பல வருடம் கழித்து ஈயமில்லாத பெட்ரோல் நாட்டுக்கு வந்தது. பாஸ் காலமாகி, கராஜ் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் லூர்து டீச்சருடைய அதே கார், வயதாகி நிறம் மங்கி, வாசலில் வந்து நின்றது. இறங்கியது டீச்சர் இல்லை. சேலை கட்டிய ஒரு பெண்.

"அண்ணே, என்னயத் தெரியுதா? பரமேஸ்வரி. இப்ப நம்ம ஸ்கூல்லதான் படிச்சுக் குடுக்கிறேன். டீச்சருக்குக் கண்ணு சரியா தெரியல, அதான் கார எனக்குக் குடுத்துட்டாங்க. சென்சர் போட்டுட்டுத்தான் வரணும்னு சொன்னாங்க."

ஒரு வருடம் கொழுந்து எடுத்துக்கொண்டே படித்து, மறு வருடம் எழுதித் தேறியிருக்கிறாள். அப்போது அவளைக் கூட்டிப் போனது யார் என்று கேட்டேன். அப்பாவே விடியற்காலையில் கந்தப்பளை வரை கூட நடந்து வந்து, அங்கிருந்து கிளம்புகிற முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம்.

"மொதோ தடவ கார் நின்னிருந்தா அவரு வந்திருக்க மாட்டாருண்ணே. பத்து நாளும் கார் போறதப் பாத்துப் பாத்துத்தான் அவருக்கு மனசு வந்திச்சு."

நான் அன்று வேறு வேலை எடுக்கவில்லை. வாசல் வைத்த ஸ்பெனர் இன்னும் இருந்தது. அவள் கொண்டுவந்த புதுச் சென்சரை மாட்டி, நான் கட்டி வைத்த வயரை அவிழ்த்து, டேப்பை உரித்து, பிளக்கைச் சேர்த்தேன். மீட்டரின் முள் மேலும் கீழும் ஆடியது. அப்பா ஞாபகம் வந்தது.

பிறகு டாங்கி வாய்ப் பைப்பைக் கழற்றி, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, டப்பாவிலிருந்த வளையத்தை எடுத்து இருந்த இடத்திலேயே திரும்பப் பற்றவைத்து ஒட்டினேன். புதுப் பம்பின் மூக்குச் சின்னது, அதில் நுழைந்தது. வெட்டக் கால் மணி நேரம் போன வேலை, ஒட்ட ஒரு பொழுது முழுக்கப் பிடித்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒன்று இடைஞ்சலாக இருக்கிறதென்றால், அதை அங்கே வைத்தவன் எதற்கு வைத்தான் என்று முதலில் கேளுங்கள். விடை தெரியாமல் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், வெட்டிய துண்டை வீசாதீர்கள்.