எலி கடித்த கேபிள்

நன்னிலம் பக்கத்தில் டிராக்டரின் ஆர்பிஎம் மீட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது இல்லாமலும் வண்டி ஓடும் என்பதால் என்னை யாரும் தேடியதில்லை; பெண் கொடுக்கவும் தேடியதில்லை.

கூலித் தகராறு முற்றிய வருஷம் அது. வேலைக்கு வராதவர்களை விட்டுவிட்டு, ஒரு மிராசுதார் டிராக்டர் வாங்கி உழ ஆரம்பித்திருந்தார். மீட்டரில் முள் எழவில்லை என்று ஆள் அனுப்பினார். போய், பெரிய டாக்டர் மாதிரி மீட்டரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். பிறகுதான் கீழே குனிந்தேன். எஞ்சினிலிருந்து மீட்டருக்கு ஏறும் கேபிள் அரிவாளால் சீவியதுபோல் துண்டாகிக் கிடந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் மிராசுதார்.

"எலி கடிச்சிருக்குங்க."

"பாஷாணம் வெச்சுடறேன்" என்று அவர் வீட்டுப் பக்கம் போனார்.

வரப்பில் நின்ற ஒருவர் மெல்லக் கிட்டே வந்தார். மிராசுதாரின் வயலைச் சொந்த மாடு கட்டிக் கூலிக்கு உழுதவர். டிராக்டர் வந்ததும் பிழைப்பு போயிருந்தது.

"ஏங்க, அதை அறுத்தா வண்டி நிக்காதுங்களா?"

"நிக்காதுங்க. எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டறது மட்டுந்தான் நிக்கும்."

"பாத்தேன். அறுத்த பிறகும் நாள் பூரா உழுதுச்சு." சிரிக்கப் பார்த்தார். "அப்ப எதைங்க அறுத்திருக்கணும்?"

எனக்குத் தெரியும். புதுக் கேபிளை மாட்டி வண்டியைக் கிளப்பினேன். முள் எழுந்து ஆடாமல் நின்றது.

"சரியாயிடுச்சுங்களா?" என்று கேட்டார் மாட்டுக்காரர்.

"ஆயிடுச்சுங்க."

அவர் சந்தைக்கு ஓட்டிப்போக, வரப்போரம் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்தார்.