தானே திரும்பிய பூமேடை

போன வாரம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. குன்னூரில் சாக்லேட் கடை வைத்திருக்கும் நண்பர், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கரடி பொம்மை இப்படியும் அப்படியும் திரும்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்காக வரவழைத்தது. தீப்பெட்டி அளவு சர்க்யூட் பலகை. மோட்டாருக்குப் போகும் பிளஸ், மைனஸை நேரம் பார்த்து அதுவே மாற்றிக் கொடுக்கும். வலப்பக்கம் திரும்பும் நேரத்துக்கு ஒரு திருகு, இடப்பக்கத்துக்குத் தனியாக ஒரு திருகு. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்த இரண்டாவது திருகு?

கம்பிகளைப் பற்றவைத்தபோது எழுந்த ஈயப்புகை என்னை நேரே கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்போது அங்கே நான் தற்காலிக எலக்ட்ரீஷியன். கரண்ட் போனால் திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக வைத்திருந்தார்கள். அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார், ரிட்டயர் ஆகும் வயது. வீட்டில் ஒருவராவது நிரந்தர வேலையில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு நிலைக்கும். என் வேலை நிரந்தரமாகாவிட்டால் அந்த ஓர் அறையும் அடுப்படியும் போய்விடும்.

மேனேஜரை நாங்கள் துரை என்போம், அவர் மனைவியைத் துரைசானி. வெள்ளைக்காரர்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் அந்தப் பட்டங்களுக்கு மட்டும் சுதந்திரம் கிடைக்கவில்லை. சீசன் வந்தால் பங்களாக்களுக்கிடையே கிளப்பில் மலர்ப்போட்டி நடக்கும். வருஷாவருஷம் கோப்பையைப் பக்கத்து எஸ்டேட் துரைசானி தூக்கிக்கொண்டு போவார். எங்கள் துரைசானிக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வருஷம் பூத்தொட்டிகளை அடுக்கிய மேடையே சின்ன பல்புகளோடு மெல்லத் திரும்ப வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நல்லா அமைஞ்சா உன் வேலை விஷயத்தை நானே சார்கிட்ட சொல்றேன்," என்றார்.

அதன்பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மேடை முழுச் சுற்றுச் சுற்றினால் பல்புக் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம். பழைய ஜீப்பின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி, எட்டுக் கால் கொண்ட டைமர் ஐசி ஒன்றையும் ஒரு ரிலேயையும் கோத்தேன். நேரம் வந்ததும் ரிலே டக்கென்று கம்பிகளை மாற்றும், மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடும். இந்த அமைப்பில் ஒரு பக்கத்து நேரம் மறுபக்கத்தைவிட ஒரு துளி கூடவே இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஒரு துளிதானே என்று விட்டுவிட்டேன். விஞ்ஞானியாகும் அவசரத்தில் இருப்பவனுக்குத் துளியெல்லாம் கண்ணில் படாது.

இதற்கிடையில் தொட்டி பற்றாக்குறை. ஏதோ கல்யாணத்துக்கென்று பக்கத்து எஸ்டேட் பங்களாவில் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத தொட்டிகள் எங்கள் ஷெட்டில் கிடந்தன. அவர்களுடையவை நீலம், எங்களுடையவை செங்காவி. பங்களாத் தோட்டக்காரர் பொன்னுசாமி அண்ணன் அந்த நீலத் தொட்டிகளுக்குச் செங்காவி பூசிக்கொண்டிருந்தார், பாதி மட்டும். ஏன் என்று கேட்டேன்.

"முன்னால அடிச்சாப் போதும்னு மேடம் சொல்லிட்டாங்க தம்பி. பின்னால ஆரு பாக்கறாங்க?"

அதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. அது எஸ்டேட்டின் கொள்கை. கம்பெனிப் பெரிய மனிதர்கள் வரும்போது எங்கள் லைன் வீடுகளுக்கும் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும்தான் சுண்ணாம்பு. உள்ளே ஒழுகுவது ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

போட்டியன்று காலையில் மேடை அழகாக ஆடியது. துரைசானி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேலை நிரந்தரமான மாதிரியே இருந்தது. பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். நான் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு மேடைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேடை வலப்பக்கம் ஒரு துளி அதிகம் போய், திரும்பும்போது ஒரு துளி குறைவாக வந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? நேரமாக ஆக, செங்காவித் தொட்டிகளும் பூக்களும் மெல்ல என் பக்கமாக முகம் காட்டின. ஆகா, எவ்வளவு லட்சணம் என்று நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

நடுவர்கள் வந்து நின்றபோது அவர்களுக்கு எதிரே இருந்தது நீல முதுகு வரிசை. பக்கத்து எஸ்டேட் துரைசானி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"அட, நம்ம தொட்டிங்க. எல்லாம் சௌக்கியமா இருக்கா?" என்றார், தொட்டிகளிடமே.

நடுவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். நிறுத்து என்று எங்கள் துரைசானி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கம்பியைப் பிடுங்கினேன். மேடை அப்படியே, நீலத்தைக் காட்டியபடியே நின்றுவிட்டது. கோப்பை வழக்கமான வீட்டுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் ஆபீசில் கூப்பிட்டு, ஃபேக்டரியில் ஆள் அதிகம் என்றார்கள். தொட்டியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் அல்லவா.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாசலில் செருப்போடு நின்றபடியே சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். பிறகு, "அந்தத் தொட்டி சங்கதிய இன்னொருக்கா சொல்லுடா," என்றார். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரணில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

ஊட்டியில் காந்தல் பக்கம் வாடகைக்குப் போனோம். அம்மா அங்கேதான் கண்ணை மூடினார். பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. கரடி பொம்மையை ஓட்டிக் கொடுத்த கையோடு, என்னவோ தோன்றி அந்தப் பக்கம் போனேன். லைன் வீடுகளை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கியிருக்கிறார்கள். எங்கள் அடுப்படி இருந்த இடம் எது என்று உத்தேசமாகத்தான் நிற்க முடிந்தது. காவலாளி வந்து, "ஆரைப் பாக்கணுங்க சார்?" என்று கேட்டார். யாருமில்லை என்று கையை மட்டும் ஆட்டினேன்.