பொந்துக்குப் பூசிய சுவர்

என் அக்காவைச் சுற்றுவட்டாரமே பொந்தக்கா என்றுதான் கூப்பிடும். அவளுக்கு அதில் கோபமே கிடையாது, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று அக்கம்பக்கத்தில் கிழட்டு மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தபோது, இவள் மட்டும் தன் சோளக்காட்டில் நின்ற ஏழு மரங்களையும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் வளைத்து வளைத்து உழுவதற்குள் பாதி நாள் போய்விடும். புதுசாக நட்டுக்கொள்ளேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதில் பொந்து விழப் பேரன் பேத்தி காலம் ஆகும், அதுவரை கிளியும் வௌவாலும் உன் வீட்டில் வந்து படுக்குமா என்று என்னையே மடக்கினாள்.

அதிலும் வாய்க்கால் ஓரத்துப் பெரிய மரம் அவளுக்கு உயிர். அதன் பொந்தில் ஆந்தை மூன்று குஞ்சு பொரித்திருந்தது. பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் சொன்னாள், தன் வீட்டுக்காரரான மாமாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவர் வாயில் எந்தச் சேதியும் தங்காது, ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிடும் என்ற பயம்.

மாமா ஒரு கொத்தனார். தங்கமான மனிதர், ஆனால் ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. பெரிய மரம் காற்றில் முறிந்தால் பெண்டாட்டி தாங்கமாட்டாளே என்று அவருக்கு உள்ளூரக் கவலை. நானும் அக்காவும் அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் போயிருந்த நேரத்தில் ஏணி போட்டு ஏறி, பொந்தைச் செங்கல் வைத்து அடைத்து, வழுவழுவென்று பூசி, பூச்சு வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு வேறு கட்டிவிட்டார். நாங்கள் திரும்பியதும் வாசலிலேயே நிறுத்தி, இனி அந்த மரத்தை யாராலும் அசைக்க முடியாது என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அக்கா விதைமூட்டையை அப்படியே போட்டாள்.

“உள்ள பாத்தீங்களா?”

“சத்தம் குடுத்துப் பாத்தேன், ஒண்ணும் இல்லியே.”

“பயந்தா சத்தமே காட்டாதுங்க. மூணு குஞ்சு இருக்கு உள்ள.”

மாமா முகத்தில் ஈயாடவில்லை. மூவரும் ஓடினோம். அப்படி ஓர் ஓட்டம் நான் ஓடியதே இல்லை, செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. அக்கா சுத்தியலோடு ஏணியில் கால் வைத்துவிட்டாள். மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தட்டுனா கல்லு குஞ்சு மேலதான் விழும். நான் வெச்சத நான்தான் எடுக்கணும்.”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சாக்கை அவிழ்த்து, பூச்சைக் கொத்துக்கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு, பாதி இறுகியிருந்த கலவையை விரலாலேயே தோண்டினார். பாவி மனிதர், இந்த வேலையையாவது கொஞ்சம் அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா? மேல்வரிசைக் கல் ஆடியது, வெளியே வந்தது, என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அடுத்த கல். அப்போதும் இல்லை. கடைசிக் கல்லையும் உருவிவிட்டு மாமா பொந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து குக்கர் விசில் போலக் கிளம்பியது ஒரு சீறல். மாமா ஏணியோடு என்மேல் சாயப் பார்த்தார்.

“மூணும் இருக்கு புள்ள, மூணும் இருக்கு!”

அக்கா சிரித்தாள், அழுதாள், என்னைப் போட்டு உலுக்கினாள். ஆனால் தாய் வரவேண்டுமே. இவ்வளவு ரகளைக்குப் பிறகு வருமா? சோளத்துக்குள் மூவரும் குந்தியிருந்தோம். பொழுது சாய்ந்து மங்கியபோது வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் மரத்தை ஒரு வட்டம் அடித்தது. இறங்கவில்லை, போய்விட்டது. அக்கா என் கையை நசுக்கினாள். மறுபடி வந்தது, காலில் எலியோடு. பொந்து வாயில் உட்கார்ந்து எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. சீறல் மூன்று மடங்கானது. எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

மாமா ரத்தம் கசிந்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

ஊரையே மடக்கும் அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்ற ஆறு மரங்களில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.