மேகமலைக்கு முன்னால் ஒரே ஒரு திருப்பம்

1. பாஸ் வைத்த கெடு

"அன்வர், இந்தப் பயிற்சி முடியட்டும். அதுக்கப்புறம் உனக்கு காக்பிட்டா, ஆபீஸ் நாற்காலியான்னு நான் முடிவு பண்றேன்."

சொன்னவர் எங்கள் போர் விமானப் பிரிவான ஸ்குவாட்ரனின் கமாண்டிங் ஆபீசர், எங்கள் பாஸ். வடக்கத்திக்காரர், அவர் பேசியதை நான் தமிழாக்கி எழுதுகிறேன். அவர் மேல் தப்பே இல்லை. முந்தின வருஷம் என்ஜின் நின்றுபோன போர் விமானத்திலிருந்து சீட்டோடு வெளியே எகிறித் தப்பியவன் நான். அந்தச் சீட்டுக்கு அடியில் ராக்கெட் இருக்கும். முதுகெலும்பில் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் உயிரைக் காப்பாற்றும். பறக்கலாம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சண்டையில் விமானத்தை வெடுக்கென்று திருப்பினால் உடம்பு எட்டு மடங்கு கனக்கும். எட்டு ஜி என்போம். அந்த நேரத்தில் வலிக்குப் பயந்து கையைத் தளர்த்திவிடுவேனா என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. சத்தியமாக எனக்கும் தெரியாது.

பறக்காமல் ஆபீசில் உட்கார எனக்கு மனசில்லை.

பயிற்சி நடக்கப்போகும் இடத்தை மேப்பில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கம்பம் பள்ளத்தாக்கு! என் சொந்த ஊர் உத்தமபாளையம் அதற்கு நட்டநடுவில் இருக்கிறது. நிஜ ஏவுகணை கிடையாது. யார் யாரைச் சுட்டார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எதிர் அணியின் இரண்டு விமானங்கள் கேரள எல்லை மலையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும். கிழக்கே மேகமலையைக் கடந்துவிட்டால் ஜெயம் அவர்களுக்கு. நாங்கள் இரண்டு பேர் அதற்குள் நிறுத்த வேண்டும்.

2. பெருசா, சிறுசா?

எதிர் அணிக்குத் தலைவன் முருகேசன். தேவதானப்பட்டிக்காரன், என்னோடு ஒரே பேட்ச்சில் படித்தவன். அவன் ஓட்டுவது இரட்டை என்ஜின் வைத்த பெரிய விமானம். என்னுடையது ஒற்றை என்ஜின். மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள, இன்னும் அந்தச் சவலப்புள்ளையத்தான் ஓட்டிக்கிட்டுத் திரியிறியா?"

"ஒன் எருமைக்கு இது தேவல."

"எருமையா? ஏலே, நீ கூடலூருல கெளம்புனா எனக்குத் தேனிலருந்தே தெரியும், அம்புட்டுப் பெரிய ரேடாரு. கிட்ட வந்தேன்னு வையி, நாசிலத் திருப்பி நின்ன எடத்துலயே சுத்திருவேன். ஆமா, ஒங்க பாஸு ஒன்னய ஆபீசுக்கு அனுப்பப் போறதாச் சொன்னாகளாம்ல? வேணும்னா மெதுவாச் சுடட்டுமா?"

கேலிதான். ஆனாலும் சுருக்கென்றது. தயிர்சாதத்தைப் பிசைந்தேன்.

ரிட்டையராகிக் கம்பத்தில் குடியிருக்கும் என்னிடம் டீக்கடையில் பையன்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்: "சார், பெரிய பிளேன் பெஸ்டா, சின்னது பெஸ்டா?" விமானம் வடிவமைப்பவர்கள் எதையும் சும்மா தருவதில்லை, தம்பிகளா. பெரிய உடம்பில் பெரிய ரேடார், நிறைய எரிபொருள், நிறைய ஏவுகணை எல்லாம் ஏற்றலாம். அதே உடம்பு எதிரி ரேடாரில் வெகு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். முருகேசன் பீற்றிக்கொண்ட நாசில் என்பது என்ஜின் புகை வெளியேறும் வாய். அதைச் சாய்த்தால் மூக்கு சட்டென்று வேறு பக்கம் திரும்பும். ஆனால் வேகம் செத்துப்போகும்.

என்னுடையது சின்ன உடம்பு. லேசில் கண்ணில் படாது. வால் சிறகு இல்லாத முக்கோண இறக்கை. முதல் திருப்பம் பிரமாதமாக இருக்கும், அதோடு சரி. அகன்ற இறக்கை அந்தத் திருப்பத்திலேயே வேகத்தை எல்லாம் தின்றுவிடும். எரிபொருளும் ஒரு சண்டைக்குத்தான் வரும். எடைக்கு இறக்கை பெரிதாக இருப்பதால், தாழப் பறந்தால் ஒவ்வொரு காற்றும் தூக்கித் தூக்கிப் போடும். ஆடி மாதத்துக் கம்பம் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

3. "முதுகு என்னோடது சார்"

என் ஜோடி விமானத்தில் மீரா. மராட்டியப் பெண், நிதானமான பைலட். அவர் பின்னால் உயரத்தில் ரேடாரைப் போட்டுக்கொண்டு வருவார். எதிரியின் கண் அவர் மேல் இருக்கும். நான் என் ரேடாரை அணைத்துவிட்டு மேகமலை அடிவாரத்தை ஒட்டித் தெற்கு வடக்காகப் போவேன். மீராவின் ரேடார் பார்ப்பது டேட்டா லிங்க் வழியாக என் திரையில் வந்துவிடும்.

ஏன் தெற்கு வடக்கு? கீழே பார்க்கும் ரேடார், மலையையும் விமானத்தையும் வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. தன்னை நோக்கி வந்தாலோ விலகிப் போனாலோ பிடித்துவிடும். மேற்கிலிருந்து வருகிறவனுக்குக் குறுக்கே, மலைக்கு முன்னால் போனால் நம்மையும் மலை என்று நினைத்துத் தள்ளிவிடும்.

பாஸ் கேட்டார். "அந்தக் காத்துல அவ்வளவு கீழயா? உன் முதுகு?"

"முதுகு என்னோடது சார்."

"விமானம் என்னோடது." மேப்பில் மேகமலை அடிவாரத்தில் விரலை ஓட்டினார். "சரி, போ."

4. சூரியனுக்கு நேராக

காலை வெயில். கீழே சின்னமனூர் வாழைத்தோப்புகள். காற்று மலையில் மோதித் திரும்பி என் விமானத்தை உலுக்கியது. ஒவ்வொரு தூக்கலுக்கும் இடுப்புக்கு மேலே ஊசி இறங்கியது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

ரேடியோவில் மீரா: "ரெண்டு பேரும் மலை தாண்டிட்டாங்க. ரெண்டு பேரும் என்னைத்தான் பார்க்கறாங்க." அடுத்த மூச்சில் அவர் தூர ஏவுகணையை ஏவியதாக அறிவித்தார். முருகேசனோடு வந்தவன் அவுட். முருகேசன் தப்பிவிட்டான், அவன் கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன்.

மேற்கே திரும்பி அவனை நோக்கி ஏறினேன். ரேடாரில் சிக்காத என்னைக் கடைசியில் கண்ணால் பார்த்துவிட்டான். இருவரும் எதிரெதிரே உரசாத குறையாகக் கடந்தோம்.

இங்கேதான் எல்லாச் சின்ன விமானக்காரர்களும் சாவார்கள். உடனே திரும்பத் தோன்றும். திரும்பினால் என் கைவசம் இருந்த ஒரே திருப்பமும் போச்சு, பிறகு பெரிய விமானம் சாவகாசமாகச் சுற்றிவந்து சுடும். நான் திரும்பவில்லை. வேகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூக்கைத் தூக்கி, செங்குத்தாக ஏறி, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, கிழக்கே மேகமலைக்கு மேலே நின்ற சூரியனுக்கு நேராகப் போனேன். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்குச் சூரியன் பெரிய தொந்தரவு.

முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. நாசிலைத் திருப்பினான். அந்தப் பெரிய மூக்கு என் பக்கம் எழும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் அவன் ஏவுகணை என்னைப் பிடிக்கவில்லை. அவன் வேகம் முழுக்கச் செலவாகி, பின்பக்கம் கீழே சரிய, அந்தரத்தில் அப்படியே தொங்கினான்.

நான் உச்சியில் தலைகீழாக இருந்தேன். சேர்த்து வைத்த திருப்பத்தை அப்போதுதான் எடுத்தேன். கீழ்நோக்கி எட்டு ஜி. முதுகில் ஆணி அடித்த மாதிரி வலி, கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. கை மட்டும் தளரவில்லை. பூட்டிய பிடி விடாமல் இழுத்தேன். அவன் விமானத்தின் முதுகு என் முன்னாலிருந்த குறிபார்க்கும் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது.

"ஃபாக்ஸ் டூ!" ஏவுகணை விட்டாயிற்று என்று அர்த்தம்.

தரையிலிருந்து நடுவர் குரல், முருகேசனின் விமானம் வீழ்ந்ததாக அறிவித்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "செத்தடா மாப்ள!" என்று கத்தினேன். ரேடியோ பட்டனை அழுத்திக்கொண்டே கத்தியிருக்கிறேன். மொழி தெரியாதவர்களுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டதாம்.

5. செத்தவன் போடும் படம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை முடிந்தபின் உட்கார்ந்து அலசும்போது ரேங்க் கிடையாது. தோற்றவனே போர்டுக்கு வந்து தான் செத்த விதத்தை வரைய வேண்டும். ஜெயித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. முருகேசன் கொஞ்சமும் மழுப்பாமல் வரைந்தான். ஒரு புள்ளியில் மார்க்கரை வைத்து எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இங்கன நாசிலத் திருப்புனேன். அங்கனயே செத்துட்டேன்" என்றான்.

"ஏன் திருப்பின?" என்று என் பாஸ் கேட்டார்.

"இருக்குதே சார், எப்படித் திருப்பாம இருக்கறது?"

அறையே சிரித்தது. நான் கற்றது அதுதான். வடிவமைப்பாளர் கொடுத்த பெரிய பலத்தை எப்போது தொடக்கூடாது என்று தெரிகிறவன்தான் அந்த விமானத்தை முழுசாக ஓட்டுகிறவன். என் ஒற்றைத் திருப்பத்துக்கும் இது பொருந்தும்.

எல்லோரும் கலைந்தபின் பாஸ் என்னிடம் வந்தார். பதிவான ஜி அளவை ஏற்கனவே பார்த்திருந்தார்.

"எட்டு இழுத்திருக்க. வலிச்சுதா?"

"ரொம்ப வலிச்சுது சார்."

"இல்லன்னு பொய் சொல்லியிருந்தா இப்பவே ஆபீசுக்கு அனுப்பியிருப்பேன். முதல்ல டாக்டரைப் பாரு. அவங்க சரின்னு சொன்னா அடுத்த தடவை நாலு விமானம் சேர்ந்து போறப்ப நீதான் லீட்."

விறைப்பாக சல்யூட் அடித்தேன். அந்த வேகத்தில் கை பட்டுத் தலையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. வாசலில் நின்றிருந்த முருகேசன் வந்து எடுத்து, தூசி தட்டி, என் தலையில் வைத்துவிட்டான்.