விதிமுறைகளை முழுசாகப் படிக்கிறவர்

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் எழுதிய மென்பொருளை அங்கே தட்டி, இங்கே தட்டி, எந்த இடத்தில் உடைகிறது என்று சொல்ல எனக்குச் சம்பளம். வீட்டிலும் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும். துவைத்த துணியை மடித்து வைக்கத் தெரியாதவர் வேறென்ன பேசுவார்?

எங்கள் கம்பெனி சின்னது. புதுச்சேரியில் கடையும் ஓட்டலும் பேக்கரியும் நடத்துகிறவர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். போன நவம்பர் கடைசியில் முதலாளி ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார். தளத்துக்கு வருகிறவர் எதைத் தொட்டார், எங்கே தயங்கினார், எதை எழுதி எதை அழித்தார், எந்த இடத்தில் வெறுத்துப்போய் வெளியேறினார் என்று அத்தனையையும் பதிவு செய்து, பிறகு வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டுகிற கருவி. இரண்டு வாரம் இலவசம். நம்முடைய பேக்கரிக்காரரின் தளத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று நீ சொல் என்றார்.

பேக்கரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் டிசம்பர். ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழங்களும் போட்ட விவிக்கம் கேக் இல்லாமல் எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் கிடையாது. பிரான்சில் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தபடியே இங்கிருக்கும் பெற்றோருக்கு ஆர்டர் போடுவார்கள். அதனால் தளம் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் இருக்கிறது. ஆள் நடமாட்டம் அதிகமாக இருக்கும்போது சோதித்தால்தான் கருவியின் லட்சணம் தெரியும்.

என் அப்பாவும் வருடா வருடம் அங்கேதான் ஆர்டர் போடுவார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். பிரெஞ்சுக்காரர் காலத்து முறைப்படி பத்திரம் எழுதுகிற நொத்தேர் அலுவலகம் ஒன்றில் பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பேக்கரி தளத்தை நாங்கள் தொடங்கிய வருடம், கடைசியில் யாரும் சீந்தாத ‘விதிமுறைகள்’ பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டார். ஆர்டரை ரத்து செய்கிற கெடு தமிழில் ஒன்றாகவும் பிரெஞ்சில் வேறாகவும் இருக்கிறதாம். பார்த்தால் அவர் சொன்னது சரி. இதைக்கூடப் பார்க்காமல் நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் இந்த முறை, டிசம்பர் பிறந்ததுமே கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை கூடிவிட்டதாம், டாக்டர் கண்டித்தாராம். ஒருவழியாக மனிதருக்குப் புத்தி வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

கருவியைச் சோதிக்கிற வேலையை முறையாகவே தொடங்கினேன். முதலில், அதை மாட்டியதால் தளம் மெதுவாகிறதா என்று ஒரு பழைய போனில் பார்த்தேன். ஆகவில்லை. அடுத்து, பொய்யான போன் நம்பர்களையும் முகவரிகளையும் அடித்து, பதிவில் அவை தெரிகின்றனவா என்று பார்த்தேன். நட்சத்திரக் குறிகளாக மறைத்திருந்தது. கேக்மேல் எழுத வேண்டிய வாசகத்துக்கான பெட்டியை மட்டும் மறைக்காமல் விட்டிருந்தது. யாரோ ஒருவர் அதில் ‘என்னை மன்னிச்சிடு’ என்று எழுதி, அழித்து, ‘கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்’ என்று மாற்றியதைப் பார்த்துவிட்டேன். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த ஓட்டையை அடைத்தேன். அடைத்ததும், அடுத்தவர் அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கருவியை விற்கிற கம்பெனியின் ஆள் அவ்வப்போது வீடியோ அழைப்பில் வருவார். வடக்கத்திப் பையன், நல்ல மரியாதை. ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலைகளில் நிறைய பேர் பணம் செலுத்துகிற பொத்தான்வரை வந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள், உங்கள் பொத்தானில் கோளாறு இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினார். பொத்தானில் ஒரு கோளாறும் இல்லை, ராகு காலம் முடியக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கிறிஸ்துமஸ் கேக்குக்குமா என்று கேட்டார். எங்கள் ஊரில் கேக்குக்கும் உண்டு, எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர்கள் சிலருக்கும் உண்டு.

அவர் மிகவும் பெருமையாகச் சொன்னது ‘ரேஜ் கிளிக்’ என்ற வசதியை. ஒருவர் ஒரே இடத்தில் படபடவென்று பல தடவை தட்டினால், ஆத்திரத்தில் இருக்கிறார் என்று கருவியே முடிவு செய்து சிவப்பு முத்திரை குத்திவிடும். ஆத்திரக்காரர்களை மட்டும் வடிகட்டி எடுத்துப் பாருங்கள், தளத்தின் குறைகள் எல்லாம் தெரியும் என்றார். குறை என்ற சொல்லைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்பு முத்திரைப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே வந்தபோது, ஒன்றில் நேராக விதிமுறைகள் பக்கத்தைத் திறந்தார் ஒருவர். தமிழில் மேலிருந்து கீழ்வரை போனார். பிறகு பிரெஞ்சுக்கு மாற்றி, அதையும் மேலிருந்து கீழ்வரை. பெயர் இல்லை, நம்பர் இல்லை, எல்லாம் நட்சத்திரம். ஆனால் உலகத்தில் இந்தக் காரியத்தைச் செய்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். சத்தமாகச் சிரித்துவிட்டேன். கேக் வேண்டாம் என்று என்னிடம் நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாக வாங்கப் பார்த்திருக்கிறார். இன்றைக்குச் சாயங்காலம் போய் ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை கேக் என்று கூட்டவும் குறைக்கவும் இரண்டு சின்னப் பொத்தான்கள் உண்டு. அவர் கூட்டுவதைத் தட்டினால் எண்ணிக்கை இரண்டுக்குப் பதில் நான்காகிறது. குறைப்பதைத் தட்டினால் ஒன்றுமே இல்லாமல் போகிறது. மறுபடி கூட்டுகிறார், மறுபடி எகிறுகிறது. பல முறை இப்படியே. கருவி இதைத்தான் ஆத்திரம் என்றது. அப்பாவுக்கு ஆத்திரம் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இது அது இல்லை. பதிவை முதலிலிருந்து ஓட்டினேன். எதையாவது படிக்கும்போது மற்றவர்களின் மவுஸ் அம்புக்குறி அசையாமல் ஒரு ஓரமாக நிற்கும். அவருடையது வரிக்குப் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பொத்தான்களோடு மல்லுக்கட்டிவிட்டு, எதுவும் வாங்காமல் பக்கத்தை மூடியிருந்தார். பதிவின் தேதியைப் பார்த்தேன். என்னிடம் கேக் வேண்டாம் என்று சொன்னதற்கு முந்தின நாள்.

மடிக்கணினியை மூடிவிட்டேன். அழுகை வந்தது. அதைவிட என்மேல் கோபம் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு பூசையில் எல்லோரையும்போல் அவரும் கையை நீட்டித்தான் நற்கருணை அப்பத்தை வாங்கிக்கொண்டிருந்தார். சில மாதங்களாகக் கையைக் கட்டிக்கொண்டு நாக்கை நீட்டி வாங்க ஆரம்பித்திருந்தார். எவனோ யூடியூப் பிரசங்கி கெடுத்துவிட்டான் என்று நினைத்து, திடீரென்று பக்தி முற்றிவிட்டதா என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டார். நான் போகும்போதெல்லாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிக் காப்பியைத் தொடாமல் வைத்துவிடுவார். ஊரில் எவனுடைய மென்பொருளிலோ குறை கண்டுபிடிக்கிறவள், வாரம் இரண்டு தடவை எதிரில் உட்கார்ந்தும் இதைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போனேன். நானே காப்பி கலந்து அவர் முன்னால் வைத்தேன். இப்போதுதான் குடித்ததாகச் சொன்னார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உன் கை நடுங்குகிறது, எத்தனை நாளாக என்று நேராகக் கேட்டேன். யார் சொன்னது என்றார். கருவி, பதிவு, அம்புக்குறி, விதிமுறைப் பக்கம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கை இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒரு வரி விடாம படிச்சேன். என் கைய பதிவு பண்ணுவாங்கன்னு அதுல எங்க போட்டிருக்குது?"

"போடல."

"பிரெஞ்சுலயும்?"

"எதுலயும் போடலப்பா. சும்மா சோதனைதானேன்னு விட்டுட்டோம்."

அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. கத்தவில்லை. நான் மறைத்தது உன்னிடமிருந்துதான், ஊரில் வேறு யாரிடமிருந்தும் இல்லை என்றார். "நீ ஒன்னு கண்டுபுடிச்சா நூறு கண்டுபுடிப்ப. அடுத்த நாளே வீட்டப் பூட்டிட்டு எங்கூட வான்னு நிப்ப. நான் இங்கியேதான் இருப்பேன்." இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரும் வழியிலேயே அவருக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று யோசித்து முடித்திருந்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்காவது வா என்று கெஞ்சினேன். அதட்டினேன் என்றும் சொல்லலாம். முதலில் அந்தப் பதிவை அழி, ஆட்களைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்கிற மாதிரி மூன்று மொழியிலும் எழுது, அப்புறம் வருகிறேன் என்றார். இதென்ன பேரமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். பிறகு முதலாளிக்கு என் முடிவை எழுதினேன். கருவி நல்ல கருவி, தளத்தை மெதுவாக்கவில்லை. கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் மோசமானவை என்று காட்டிக்கொடுத்தது, போனில் வாங்குகிறவர்களில் பலரும் அங்கே தப்பாகத் தட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் எண்ணை நேராக அடிக்கும்படி மாற்றவேண்டும். ஆத்திரம் என்று அது குத்துகிற முத்திரையை நம்பக்கூடாது. வருகிறவரைக் கேட்காமல் பதிவு செய்யக்கூடாது, கேட்பதற்கு ஒப்புக்கொண்டால் வாங்கலாம்.

கேட்டால் எவன் சரி என்பான் என்றார் முதலாளி. என் அப்பாவின் கதையைச் சொன்னேன். போட்டுத் தொலை என்றார். விற்பனைப் பையன்தான் விடவில்லை. ‘சரி’ என்ற பொத்தானைப் பெரிதாகவும் ‘வேண்டாம்’ என்பதைச் சின்ன எழுத்திலும் வைத்துவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யோசனை சொன்னார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. இரண்டையும் ஒரே அளவில், கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதாக வைத்தேன்.

சொன்ன சொல்லை அப்பா காப்பாற்றினார். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், தாளில் சுருள் சுருளாக வட்டம் வரையச் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது முழுசாகப் போகிற நோய் இல்லை, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். தனியாக இருக்கலாமா என்று நான் கேட்டேன். இப்போதைக்கு இருக்கலாம் என்றதும், அப்பா வழக்கில் ஜெயித்தவர்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாத்திரையோடு வந்த துண்டுச் சீட்டை ஆட்டோவில் வரும்போதே முழுசாகப் படித்து முடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கேக் வாங்கப்போகிறேன், பக்கத்தில் உட்கார் என்றார். சர்க்கரை என்னாயிற்று என்று கேட்டேன். அது சும்மா சொன்னது என்றார். தளத்தைத் திறந்ததும், நீங்கள் இங்கே செய்வதைப் பதிவு செய்யலாமா என்று நான் எழுதிய கேள்வி வந்தது. அதைத் தொடாமல் முதலில் விதிமுறைக்குப் போய், புது வரியைத் தமிழிலும் பிரெஞ்சிலும் படித்தார். திரும்பி வந்தார். மவுஸ்மேல் கையை வைத்தார்.

அந்தக் கை மவுஸைப் பிடிப்பதை நான் முதன்முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாத்திரை இன்னும் பிடிக்க ஆரம்பிக்கவில்லை. அம்புக்குறி பொத்தானைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது. மவுஸைப் பிடுங்கி நானே தட்டிவிட வேண்டும் என்று விரல் துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிதானமாக ‘வேண்டாம்’ என்பதைத் தட்டினார். பெட்டியில் இரண்டு என்று எண்ணை அடித்தார், ஒன்று அவருக்கு, ஒன்று என் வீட்டுக்கு. ஆர்டர் போய்விட்டது.

பிறகு, நான் வந்ததும் கலந்து வைத்து ஆறிக்கொண்டிருந்த காப்பியை எடுத்து என் எதிரிலேயே குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"கேட்டிருந்தா மொதல்லியே காட்டியிருப்பேன்," என்றார்.

பச்சைப் பொய். கேட்டிருந்தாலும் காட்டியிருக்க மாட்டார். ஆனால் கருவி காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் அவரைக் கேட்டதில்லை.