தொங்கிக்கொண்டிருந்த முதல் காயில்

1997ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த லட்சுமிநாராயணன், ஒரு ஸ்டேட்டரைத் தோளில் சுமந்தபடி காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினார். ஸ்டேட்டர் என்பது மோட்டாருக்குள் சுழலாமல் நிற்கும் இரும்பு வளையம். அதன் உள்சுற்றில் இருக்கும் பள்ளங்களுக்கு ஸ்லாட் என்று பெயர். செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த காயில்களை அவற்றில்தான் இறக்குவார்கள். இவர் கொண்டுபோன ஸ்டேட்டரில் ஒவ்வொரு காயிலிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கதையின் பெயர்.

பின்னாலேயே மனைவி ரங்கநாயகி ஏறினார். அடுத்து, உக்கடத்தில் வாடகை நூலகம் நடத்திய நண்பர் யூனுஸ்.

கண்டக்டர் அது என்னவென்று கேட்டார்.

"ஒரு இனத்தோட வரலாறுங்க."

"வரலாறா இருந்தாலும் லக்கேஜ் டிக்கெட் உண்டுங்கண்ணா."

லட்சுமிநாராயணன் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தார்.

லட்சுமிநாராயணன் தாராபுரத்துக்காரர். அப்பாவுக்குப் பருத்தி விவசாயம். கிணற்று மோட்டார் எரிந்து ஒரு போகம் முழுக்கக் காய்ந்த வருடம், மோட்டாரைச் சரிசெய்யும் படிப்பைத்தான் படிப்பேன் என்று ஐ.டி.ஐ.யில் சேர்ந்தார். பிறகு கோவைக்கு வந்து கடை போட்டார். நல்ல கை. அவர் சுற்றிய மோட்டார் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார், கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வேலை நேரத்தில் அவர் கையெல்லாம் வார்னிஷாக இருக்கும். அதனால் வாரப் பத்திரிகையை ரங்கநாயகிதான் வாசித்துக் காட்டுவார். அதில் 'எட்டாவது கிழமை' என்றொரு தொடர் பல வருடங்களாக வந்துகொண்டிருந்தது. சேரலன் என்ற பூமிக்காரன், இரண்டு இருக்கை கொண்ட ஓர் எந்திரத்தில் காலத்துக்குள் போய்வருவான். எங்கோ தூரத்துக் கிரகத்தில் ஊரிகள் என்ற இனத்தைச் சந்திப்பான். ஒரு கதையில் அவர்களுடைய பொன்னகரம் கொடிகட்டிப் பறக்கும். அடுத்த கதையில் அந்த நகரத்துக்கு அடிக்கல்கூட நாட்டியிருக்க மாட்டார்கள். அதற்கும் அடுத்ததில் நகரம் தீப்பற்றி எரியும். அவன் போய்ப் பார்த்த வரிசை ஒன்று, அவர்கள் வாழ்ந்த வரிசை வேறு. வாழ்ந்த வரிசையைக் கண்டுபிடிப்பது வாசகர்கள் பாடு.

லட்சுமிநாராயணன் அந்தப் பாட்டை விரும்பிப் பட்டார். இந்தக் கதையில் கட்டும் பாலம் அந்தக் கதையில் இடிந்து கிடந்தால், இது முந்தியது, அது பிந்தியது. இப்படி ஒவ்வொன்றாகக் கோத்தார். வாரா வாரம் யூனுஸ் வந்து அவிழ்ப்பார், இவர் மறுபடி கோப்பார்.

எல்லாக் கதைகளும் அமைந்தன, ஒன்றைத் தவிர. அது தொடரின் முதல் கதை, 'சாம்பல் ஆற்றங்கரை'. அந்தக் கிரகத்தில் ஊரிகளே தோன்றாத ஆதிகாலத்தில், சாம்பல் ஓடும் ஆற்றின் கரையில் ஒரே ஓர் ஊரிப் பெண் நிற்கிறாள். சேரலன் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவளோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எங்கள் இனத்தில் நான்தான் கடைசி என்கிறாள். ஆதிகாலத்தில் நிற்பவள் எப்படிக் கடைசி ஆவாள்? வரிசையின் தலையில் வைத்தாலும் இடித்தது, வாலில் வைத்தாலும் இடித்தது.

எழுதியவர் சறுக்கிவிட்டார் என்றார் யூனுஸ். தொடர் ஆரம்பித்த புதிதில் அவருக்கே பிடி கிடைத்திருக்காது என்றும் சொன்னார். லட்சுமிநாராயணனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கடைசி என்று சொல்லிக்கொண்டும் நிமிர்ந்து நிற்கிறாளே, அந்த நிமிர்வு அவருக்குப் பிடிக்கும். கதையைக் கேட்டு முடித்த அன்று, கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ரங்கநாயகி அதைப் பார்த்திருக்கிறார்.

தொடர் முடிந்தது. கதைகள் புத்தகமாக வரப்போகின்றன என்று பத்திரிகையில் அறிவிப்பு. கூடவே ஒரு வரி: கால வரிசையோடு பொருந்தாததால் முதல் கதை புத்தகத்தில் இடம்பெறாது.

"எடுத்துப்போடறாங்களாமுங்க" என்றார் ரங்கநாயகி.

லட்சுமிநாராயணன் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அப்போது அவர் கையில் இருந்தது மயில்சாமி என்ற விவசாயியின் மோட்டார். மயில்சாமி எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, வாழை காய்கிறது, வாழை காய்கிறது என்று அனத்திக்கொண்டிருந்தார். திடீரென்று ஸ்டேட்டரைச் சுட்டிக்காட்டினார்.

"ஏனுங்க, அந்த மொதக் காயிலு ஒரு பக்கம் வெளியவே தொங்குது பாருங்க. பேச்சு வாக்குல மறந்துபோட்டீங்களா?"

அந்தச் சுற்றில் முதலில் இறங்கும் காயிலுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஸ்லாட்டுக்குள் போகும். மறுபக்கத்துக்கு அடியில் வேறொரு காயில் வந்து படுக்க வேண்டும். அது கடைசியாகத்தான் வரும். வட்டம் முடிகிறவரை முதல் காயில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கடைக்கு வருகிற பாதிப் பேர் கேட்கிற கேள்வி இது. எப்போதும் சொல்லும் பதிலையே அவர் சொன்னார்.

"மறக்கலீங்க. கடைசிக் காயில் வரட்டும்னு மொதக் காயில் காத்துட்டிருக்குது."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டார். கை நின்றுபோயிற்று.

"அம்மணி, அந்த மொதக் கதையை இன்னொருக்கா வாசி" என்றார்.

மயில்சாமியின் மோட்டார் அன்று சாயங்காலம்தான் முடிந்தது. வாழை காய்கிற கவலையோடு அவரும் சாம்பல் ஆற்றங்கரையைக் கேட்க வேண்டியதாயிற்று.

ரங்கநாயகிக்கு ஒரு சந்தேகம். லட்சுமிநாராயணன் சொல்கிறபடி அவள்தான் ஆதித்தாய் என்றால், ஒற்றைப் பெண்பிள்ளை எப்படி ஒரு வம்சத்தை உண்டாக்கினாள் என்று கேலியாகக் கேட்டார். இரண்டாவது கதையைத் தேடி எடுக்கச் சொன்னார் லட்சுமிநாராயணன். ஊரிகள் தாயின் பக்கத்திலிருந்து கன்று விட்டுப் பெருகுகிறவர்கள் என்று அதில் இருந்தது. மயில்சாமி மட்டும் தலையாட்டினார். வாழைக்காரருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தொடரை எழுதியவர் வாசகர்களைச் சந்திக்கக் கோவை வருகிறார் என்று யூனுஸ் சேதி கொண்டுவந்தார். எழுதி அனுப்பினால் புரியாது, காட்ட வேண்டும் என்றார் லட்சுமிநாராயணன். பழைய ஸ்டேட்டர் ஒன்றைத் துடைத்தெடுத்துக் கதைக்கு ஒரு காயில் சுற்றினார்.

காந்திபுரத்தில் கல்யாண மண்டபத்தின் மாடி. எழுத்தாளர் மெலிந்த மனிதர், களைத்திருந்தார். மேசையில் இருந்த பூச்செண்டை நகர்த்திவிட்டு ஸ்டேட்டரை வைத்தார் லட்சுமிநாராயணன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. சீட்டுகளைக் காட்டி, கதை கதையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் காயில் வெளியே தொங்கியது. அதன் அடியில் ஒரு ஸ்லாட் காலி.

எழுத்தாளர் குனிந்து பார்த்தார். "ஊரிகளுக்குக் காலத்தில் போகத் தெரியாது. நானே எழுதியிருக்கேன்."

"அவங்களுக்குத் தெரியாதுங்க, சேரலனுக்குத் தெரியுமே. கடைசிக் கதையில நகரம் எரியுது, ஒருத்திதான் மிச்சம். எந்திரத்தோட கதவைத் திறந்து பிடிச்சுட்டு அவன் நிக்கறான். அவ ஏறினாளா இல்லையான்னு நீங்க எழுதவே இல்லீங்க."

லட்சுமிநாராயணன் காலி ஸ்லாட்டில் விரலை வைத்தார்.

"ஏறினாள்னு வெச்சுக்குங்க. ஆதிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கான். அங்க அவன் பேரு அவளுக்குத் தெரியும். மொதக் கதையில அங்க வந்த சேரலனுக்கு அவளைத் தெரியாது, அவனுக்கு இதெல்லாம் இனிமேத்தான் நடக்கப்போகுது. அவ கடைசியும் தானுங்க, மொதலும் தானுங்க."

எழுத்தாளர் தொங்கிய காயிலை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு, ஒருத்தி மட்டும் எப்படி என்று தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ரங்கநாயகியின் குரல் வந்தது.

"வாழைக்கு யாருங்க சோடி பாத்தாங்க? நீங்க எழுதினதுதானுங்க."

அப்போதுதான் எழுத்தாளர் சிரித்தார். "உண்மையைச் சொல்றேன். எழுதுறப்போ இது என் மனசில் இல்லை."

"இல்லாட்டிப் போகுதுங்க. எடம் இருக்குதுல்லங்க" என்றார் லட்சுமிநாராயணன். கடைசிக் காயிலையும், கம்பியை உள்ளே தள்ள ஒரு மூங்கில் பட்டையையும் எழுத்தாளர் கையில் கொடுத்தார். "நீங்களே இறக்குங்க."

எழுத்தாளருக்குப் பழக்கமில்லை. கம்பி வழுக்கியது, விரலைக் கீறியது. யாரும் உதவிக்குப் போகாமல் யூனுஸ் கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஒருவழியாகக் காயில் உள்ளே படுத்தது. அதன்மேல் முதல் காயிலின் தொங்கிய பக்கத்தை லட்சுமிநாராயணன் கட்டைவிரலால் அழுத்தி இறக்கினார். வட்டம் மூடியது.

அடுத்த வருடம் புத்தகம் வந்தது. முதல் கதை முதலிலேயே இருந்தது. கடைசிக் கதை முடிந்த பிறகு, தனிப் பக்கத்தில் முதல் கதையின் முதல் வரி மறுபடியும் அச்சாகியிருந்தது. முன்னுரையில், 'இந்த வட்டத்தை மூடியவர் சிங்காநல்லூர் லட்சுமிநாராயணன்' என்று ஒரு வரி. சறுக்கல் என்று சொன்ன யூனுஸ்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தபடி நூலக வாசலில் வைத்தார். மயில்சாமி ஊர் முழுக்கத் தன் மோட்டாரால்தான் இதெல்லாம் ஆனது என்றார். அதில் தப்பொன்றும் இல்லை.

ஸ்டேட்டர் கடை முகப்பிலேயே இருந்தது. செம்பு விலை ஏறிய வருடங்களில் பழைய கம்பி வாங்குகிறவர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் கொடுக்கவில்லை.

லட்சுமிநாராயணன் இப்போது இல்லை. கடையைக் காலி செய்த நாளில், மகள் ஷ்ரவ்யா அந்த ஸ்டேட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மோட்டார் வடிவமைப்பது அவள் வேலை. காயிலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எந்தக் கம்பியும் தளர்ந்திருக்கவில்லை.

கண்டக்டர் கேட்பதற்கு முன்பே லக்கேஜ் டிக்கெட்டுக்குக் காசை நீட்டினாள்.