வெயில் எண்ணெயும் ஏழாம் நம்பர் பஸ்ஸும்

வாசனை எண்ணெய்க் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் மூக்கு இருக்காது. லாவெண்டர்ப் பூ எண்ணெயும் மருந்து நெடி அடிக்கிற டீ ட்ரீ எண்ணெயும் ஒன்றுபோலத் தெரியும். வீட்டுக்குப் போய் ரசத்தில் ரோஜா வாசனை வருகிறது என்று அம்மாவோடு சண்டை போடுவோம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் எல்லோருக்கும் இப்படி ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கும். துணிக்கடைத் தோழிகளுக்குக் கால், செல்போன் கடைத் தோழிகளுக்குக் கழுத்து. உங்களுக்கு எது என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் வேதியியல் படித்தவள். ஆம்பூர் பஜாரில் இம்தியாஸ் பாயின் அத்தர் கடையில் வேலை பார்க்கிறேன். அத்தர் வாங்குகிற கூட்டம் அவருடைய அப்பா காலத்திலிருந்தே வருகிறது. இப்போது பெண்கள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து முகத்துக்கு, கைக்கு, வெயிலுக்கு என்று செடிகளின் எண்ணெயைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு படித்த பெண் வேண்டும் என்று பாய் தேடினார், நான் கிடைத்தேன். எனக்கு விளக்கம் தெரியும், சொல்ல வராது. மனதுக்குள் வாக்கியம் முழுதாகத் தயாராகும்போது வாடிக்கையாளர் படி இறங்கியிருப்பார்.

இங்கே எழுதியிருப்பவை போன கோடையில் ஒரே வாரத்தில் நடந்தவை. அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஹாரன்

செவ்வாய்க்கிழமை மாலை. ஷூ கம்பெனி பஸ்கள் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு முனை வழியாகப் பேரணாம்பட்டு பக்கம் போகிற நேரம். ஒரு பஸ் முனையில் நின்றது. நீலக் கோட்டும் முகத்தைச் சுற்றிய துப்பட்டாவுமாக ஒரு பெண் ஓடி வந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. வெயிலுக்குத் தடவ ஏதாவது வேண்டும், டிரைவர் இரண்டு நிமிஷம்தான் நிற்பார் என்றார். பாய் தயாரித்து வைத்திருந்த கலவையை எடுத்துக் கொடுத்தேன். பாதாம் எண்ணெயில் கேரட் விதை எண்ணெய், லாவெண்டர், வாசனைக்காகத் தாராளமாக எலுமிச்சைத் தோல் எண்ணெய்.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுக்கிற எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், தடவாமல் போனதைவிட மோசமாகச் சுடும். தோல் சிவக்கும், கொப்பளிக்கும், பிறகு கருந்திட்டாகி மாதக்கணக்கில் நிற்கும். இது எனக்குத் தெரியும். 'ராத்திரி மட்டும் தடவுங்க, காலையில கழுவிடுங்க, வெயிலுக்கு இது வேண்டாம்' என்ற வாக்கியமும் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பஸ் ஹாரன் அடித்தது. அவர் பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். என் வாக்கியத்தில் "அக்கா" மட்டும் வெளியே வந்தது. அவர் ஓடிக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழமையிலருந்து பஸ்ஸு கிடையாதும்மா, சொந்த ஸ்கூட்டில வரப்போறேன். காலையில கை, கழுத்து, மூஞ்சி எல்லாம் தடவிக்கினு கிளம்பிடுவேன்!"

எந்த நீலம்

ஆக, திங்கட்கிழமை காலைக்குள் நான் அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். பேர் தெரியாது, போன் நம்பர் கிடையாது, முகமும் தெரியாது. தெரிந்தது பஸ்ஸின் மேல் எழுதியிருந்த கம்பெனி பேரும், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏழு என்ற எண்ணும்.

புதன்கிழமை மாலை முனையில் போய் நின்றேன். ஏழாம் நம்பர் வந்தது. நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன், அதாவது இடுப்புவரைக்கும். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டுக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் பேர், லைன், டோக்கன் நம்பர் மூன்றையும் கேட்டார். மூன்றும் என்னிடம் இல்லை. நீலக் கோட்டு போட்டிருந்தார்கள் என்றேன். அவர் கேட்டைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸோடு வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நீயே பார்த்துக்கோம்மா. இதுல உனக்கு எந்த நீலம் வேணும்?"

மழைக்கோட்டு

அன்று கடைக்குத் திரும்பினால், அச்சகத்திலிருந்து புது லேபிள் கட்டு வந்திருந்தது. மஞ்சள் நிறம், நடுவில் ஒரு கேடயம், அதில் மோதித் திரும்புகிற சூரியன். 'வெயில் கவசம்' என்று பாயே யோசித்து வைத்த பேர். இதைச் சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனை நீலக் கோட்டு போகுமோ என்று பயந்து ஆரம்பித்தேன். எலுமிச்சை வெயிலில் சுடும் என்றேன். எலுமிச்சையை எடுத்துவிட்டால் கேரட் விதை எண்ணெய் ஈரமண் மாதிரி நாறுகிறது, யார் வாங்குவார்கள் என்றார். எலுமிச்சை இல்லாவிட்டாலும் இந்த எண்ணெய் எதுவும் வெயிலைத் தடுக்காது, அதற்கு மருந்துக்கடையில் சன்ஸ்கிரீன் ட்யூப் இருக்கிறது என்றேன். அந்த இடத்தில் என் குரல் ஏறக்குறைய நின்றுவிட்டது.

பாய் கெட்டவர் இல்லை. பிடிக்காத வாடிக்கையாளருக்கும் ஒரு சொட்டு மல்லிகை அத்தர் தொட்டு அனுப்புகிறவர். என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். "வெயில யாரும்மா தடுக்க முடியும்? அது சும்மா ஒரு பேரு. மழைக்கோட்டு போட்டவன் நனையாமலா வீட்டுக்கு வர்றான்?"

பத்திரம்

வாயால் முடியாததைக் கையால் செய்வோம் என்று வெள்ளிக்கிழமை காலை ஒரு யோசனை. வருகிற எல்லோருக்கும் எச்சரிக்கைகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்க்கவும், கண்ணருகே வேண்டாம், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்கவும், நேராகத் தடவாமல் வேறு எண்ணெயில் கலக்கவும். கை ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒரு அம்மா பத்து நிமிஷம் பொறுமையாக நின்றார். சீட்டின் இரண்டு பக்கமும் நிரம்பியதும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பன்னீர்தாம்மா கேட்டேன், பத்திரம் எழுதித் தர்றியே!"

யார் அவன்

எங்கள் கடையில் பாட்டில் நிரப்புவது ஷாகிரா ஆபா. என் அம்மா வயது இருக்கும். புனல் இல்லாமல் ஊற்றுவார், ஒரு துளி சிந்தாது. அன்று அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் நான் நிரப்பினேன். முனையில் ஒவ்வொரு ஹாரனுக்கும் தலை தானாகத் திரும்பியது. அவர் வந்து பார்த்தபோது நாலு லாவெண்டர் பாட்டில்களில் டீ ட்ரீ இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ரோட்டையே பார்க்கிறாய், சோறு இறங்கவில்லை, யார் அவன், சொல்லு என்றார். ஏழாம் நம்பர் பஸ்ஸை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்ல வந்தது. ஆபா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா, அந்த டிரைவரா? அவனுக்கு ரெண்டு பசங்க இருக்குதுடி!"

ரிஜெக்ட்

முருகேசன் அண்ணன் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பகுதியில் இருக்கிறார். தோலுக்குச் சாயமும் மெருகும் போடுகிற வேலை. மனைவிக்கு வெயில் எண்ணெய் கேட்டு அவர் வந்தது புதன்கிழமை காலை. பேச்சை நம்புகிற ஆள் இல்லை. அவர்கள் புதுச் சாயம் போட்டால், ஒரு துண்டுத் தோலில் பாதியை அட்டையால் மூடி வெயிலில் போட்டுவிட்டு, சில நாள் கழித்து அட்டையை எடுத்துப் பார்ப்பார்களாம். மூடின பாதியும் மூடாத பாதியும் ஒன்றுபோல இருந்தால் சரக்கு கிளம்பும். சட்டைப் பையிலிருந்து வெளிர் நிறத்தில் ஒரு துண்டை எடுத்தார். நீளவாக்கில் ஒரு பட்டையில் எங்கள் எண்ணெயைத் தடவினார், பக்கத்துப் பட்டையைச் சும்மா விட்டார். குறுக்கே அட்டையை வைத்துக் கிளிப் போட்டு, கடைக் கூரைத் தகரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து அட்டையை எடுத்தார். மூடியிருந்த பாதி பால் மாதிரி இருந்தது. வெயில் பட்ட பாதியில் சும்மா விட்ட பட்டை கொஞ்சம் பழுத்திருந்தது. எண்ணெய் தடவிய பட்டை டீ நிறத்துக்கு வந்திருந்தது. பதப்படுத்திய தோல் உயிருள்ள தோல் இல்லை, அதற்குக் கொப்பளிக்கத் தெரியாது. ஆனால் வெயிலைத் தடுக்கிற எண்ணெயாக இருந்தால் அந்தப் பட்டை முன்போலவே இருந்திருக்க வேண்டும். பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்து துண்டை வாங்கிக்கொண்டார். அவருடைய தாய்மாமன்கள் எல்லோரும் தோல் வியாபாரிகள். என் மூன்று வருஷப் பட்டத்தை ஒரு நாளும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முருகேசன் அண்ணன் கிளிப்பைப் பையில் போட்டுக்கொண்டார். "பாய், எங்க கம்பெனில இது ரிஜெக்ட். இதைப் போய் என் பொண்டாட்டி கையில தடவச் சொல்றீங்களா?"

பஸ்ஸில்

வியாழன், வெள்ளி மாலைகளிலும் முனையில் நின்றேன், கை இடுப்பைத் தாண்டவில்லை. சனிக்கிழமை மாலையை விட்டால் வேறு வழியில்லை. ஞாயிறு லீவு, திங்கள் ஸ்கூட்டி. ஏழாம் நம்பர் வருவதைப் பார்த்ததும் ரோட்டின் நடுவில் போய் நின்றுவிட்டேன். பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் திட்டியதை எழுத முடியாது. கதவைத் தட்டி ஏறினேன். பஸ் முழுக்க நீலம், பஸ் முழுக்கக் கண்கள். என் வழக்கமான குரலில் சொன்னேன். முதல் சீட்டுப் பெண் கம்பெனி பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்றார். அப்புறம் வந்த குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. "செவ்வாக்கிழம எண்ணெ வாங்குன அக்கா யாரு? அதைத் தடவிக்கினு வெயில்ல போவாதீங்க! கை வெந்துடும்!"

ஒரு கை உயரும் என்று எதிர்பார்த்தேன். ஏழு கை உயர்ந்தது. தையல் லைனில் யார் எதை வாங்கினாலும் லைனுக்கே வாங்கின கணக்காம். முறுக்கானாலும் சரி, ஷாம்பூவானாலும் சரி. செல்வி, அதுதான் ஓடி வந்தவரின் பேர், மறுநாளே காலி மருந்துக் குப்பிகளில் என் எண்ணெயைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். அவர் இன்னும் தொடவில்லை, ஸ்கூட்டிக்காக வைத்திருந்தார். மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை தேருக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்த மஞ்சுளா மட்டும் கோட்டுக் கையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீ பட்ட மாதிரி சிவப்பு, நடுவில் இரண்டு கொப்புளம். வியாழன் காலை தடவிக்கொண்டு, இரண்டு மைல் நடந்து வந்து பஸ் ஏறியிருக்கிறார். ஷூவுக்குப் போடுகிற பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்.

அது பசை இல்லை, எங்கள் எண்ணெய், நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் பேசியதும் இல்லை, அவ்வளவு கூனிக்குறுகியதும் இல்லை. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், வெயில் படாமல் மூடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பஸ் எப்போது கிளம்பியது என்று தெரியாது. மஞ்சுளா கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. கோட்டுக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். "பசைதான்னு நெனச்சு சூப்பர்வைசரோட சண்டை போட்டு, நல்லா இருந்த செக்ஷனையே மாத்திக்கினேன். மூணு நாள் முன்னாடி சொல்லியிருந்தா இன்னாம்மா?"

ஆறு குப்பி

மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தே கடைக்கு வந்தேன். பாயிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் லேபிள் கட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரே கார் எடுத்துக்கொண்டு வந்து, என்னையும் ஆபாவையும் ஏற்றி, மஞ்சுளாவை வேலூரில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப்போனார். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறும், திட்டு மறைய மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். காரில் வரும்போது, பழைய செக்ஷனில் திரும்பச் சேர்ப்பார்களா என்று மஞ்சுளாவைக் கேட்கப் பார்த்தேன். அவரே, அங்கே வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட், கையுறை, வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, கண் மட்டும் தெரிந்தது. செல்வி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவுண்டரில் வைத்தார். உள்ளே அவருடையதையும் சேர்த்து ஆறு குப்பி, மஞ்சுளாவுடையது மட்டும் இல்லை. எண்ணிப் பார்த்துக்கொள் என்றார், எண்ணினேன். ராத்திரியில் தடவ எலுமிச்சை இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்து, எப்படித் தடவ வேண்டும் என்று தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆபா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். செல்வி ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டு நின்றார். "மஞ்சுளா உன்கிட்ட சொல்லச் சொன்னா. கை ஆறிடுமாம், பரவாயில்லையாம். அந்தக் கத்தலை மட்டும் செவ்வாக்கிழமையே கத்தியிருக்கணுமாம்."

இத்தனை மாதம் வாசனை எண்ணெய் விற்றதில் எனக்குத் தெரிந்தது, வெயிலுக்கு உருப்படியாக வேலை செய்வது முழுக்கைச் சட்டையும் மருந்துக்கடை ட்யூபும்தான், இரண்டையும் நாங்கள் விற்பதில்லை.